குக்கர் வெடித்த கதை

கனடாவில் எங்கள் யூனியன்வில் வீட்டில் குக்கர் விசிலடித்ததும் அப்பா தலை முழுவதையும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இடது கண் தெரியாது.

எண்பத்தேழில் எனக்குப் பத்து வயது. வேலையிடத்து நண்பரோடு துவக்கெடுத்து முயல் வேட்டைக்குப் போவதற்காக, ஊர்ப் பழக்கத்தில், சுட்டு முடிந்த தோட்டாக்களுக்கு நாங்கள் அப்போது இருந்த மோர்னிங்சைட் வீட்டுக் குசினி மேசையில் வைத்துத் திரும்ப வெடிமருந்தடைத்தார் அப்பா. ஒன்று முகத்துக்கு நேரே வெடித்தது.

வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான். ஆஸ்பத்திரியில் அப்பா, "தோட்டா வெடிச்சதெண்டு சொல்லு பிள்ளை, கண்ணுக்குள்ள ஏதோ குத்துது" என்றார்.

குக்கர் வெடித்துவிட்டது என்று மட்டும் டொக்டரிடம் சொன்னேன். அகதி கேஸுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு அம்மாவிடம் சொன்னது பொய். அங்கே நின்ற நேர்ஸ் என் சட்டை வடிவாயிருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு முன்னால் துவக்குக்காரன் மகளாக நிற்க வெட்கமாக இருந்தது.

எரிகாயத்துக்கு மருந்து பூசி அனுப்பினார்கள். உள்ளே கிடந்த பித்தளைத் துணுக்கைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை சென்றது. அதற்குள் கண் போய்விட்டது.

"உங்கட கண்ணுக்கு என்ன நடந்தது அம்மப்பா?" என்று இன்று என் மகன் கேட்டான்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"குக்கர் வெடிச்சது, அப்பன்" என்றார்.