பட்டத்துக்கு வைத்த பட்டி

எங்கள் வீட்டில் அத்தையிடம் முடியாது என்று சொன்னவர் யாரும் கிடையாது. அப்பாவின் அக்கா அவள். தாய் தகப்பன் இல்லாமல் போன வீட்டில் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அதனால் அவள் எதைச் சொன்னாலும் அப்பாவின் வாயிலிருந்து 'சரிக்கா' தவிர வேறு சொல் வராது. இன்றைக்கு மழை வரும் என்று அவள் போனில் சொல்லிவிட்டால் அப்பா சுட்டெரிக்கிற வெயிலிலும் குடையோடுதான் வேலைக்குப் போவார்.

அத்தைக்குக் கீழ்பென்னாத்தூரில் நைட்டி தைக்கும் கூடம் ஒன்று இருந்தது. அவளுக்கு நைட்டி விற்கத் தெரியும், தைக்கத் தெரியாது. தைக்க வரும் பெண்களோ நன்றாகக் கை பழகிய நேரத்தில் கல்யாணம் ஆகிப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார்மேல் அவளுக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சொந்தத்தில் ஒரு பெண் கிடைத்தால் அப்படிச் சுலபத்தில் போகமாட்டாள் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கு என் அக்காவிடம் வந்து நின்றது.

அக்கா அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். வேலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைத்திருந்தது. அவளுக்குக் கணக்கும் வரும், தையலும் வரும். கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தையல் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா எங்கள் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்து வயது. தெரிந்ததைச் சொல்லாமல் அடக்கி வைக்கத் தெரியாத வயது. அந்த வயதை நான் இன்னும் முழுசாகத் தாண்டவில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெரு என்பதால் எங்கள் மாடி அறைக்கு எப்போதும் வெளிநாட்டுக்காரர் யாராவது வாடகைக்கு வருவார். வந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மலையைப் பார்த்தார்கள். அந்த வருஷம் வந்தவர் மட்டும் பட்டம் விட்டுக்கொண்டு மலையைப் பார்க்க வந்திருந்தார். நரைத்த தாடி, அரைக்கால் சட்டை. தமிழில் அவருக்கு 'போதும்', 'அப்புறம்' என்ற இரண்டு சொற்கள் தெரியும். அந்த இரண்டை வைத்துக்கொண்டு அவர் மார்க்கெட் வரை போய்க் கத்தரிக்காய் பேரம் பேசிவிட்டு வருவார்.

அவர் கொண்டுவந்தது நம் ஊர்க் காகிதப் பட்டம் இல்லை. குடைத் துணி மாதிரியான நைலானில், ஆள் உயரத்துக்கு, முக்கோணமாக வெட்டி வைத்திருந்தார். மூன்று பக்கமும் ஓரம் தைத்தால்தான் துணி பிரியாமல் இருக்கும், காற்றையும் பிடிக்கும். அதற்கென்று தையல் மிஷினில் மாட்டுகிற பைண்டர் ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். விரல் நீளத்துக்குச் சுருண்ட சின்னத் தகடு. ஒரு பக்கம் நாடா அகலத்தில் துணிப் பட்டியைச் செருகினால் அது தானாக மடிந்து மறுபக்கம் வரும். அந்த மடிப்புக்குள் பட்டத்தின் ஓரத்தை வைத்து மிதித்துக்கொண்டே போகவேண்டியதுதான்.

ஓரம் தைத்துத் தரச் சொல்லி எல்லாவற்றையும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா பைண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வம்பே வேண்டாம், கையால் மடித்துத் தைக்கிறேன் என்றாள். அக்கா விடவில்லை. ஒரே சாயங்காலத்தில் அதைப் பழக்கிவிட்டாள். பிறகு அவள் கை சும்மா இருக்கவில்லை. என் கைக்குட்டைக்குப் பச்சைப் பட்டி வந்தது, தலையணை உறைக்கு நீலம் வந்தது, அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கரித்துணிக்குக் கூடச் சிவப்புப் பட்டி வந்தது. அதன் பிறகு அதைக் கரித்துணி என்று சொல்ல வாய் கூசியது.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை வந்தால் அவர் போன் செய்வது ஒரே ஆளுக்குத்தான். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அத்தையிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மறுமுனையில் அத்தையின் குரல் உயர்ந்தது.

"இன்னாடா சொல்ற? பைண்டர் போட வருதா அவளுக்கு? எங்கிட்ட இருக்கறதுங்க அத பாத்தாலே அலறுதுங்க. பௌர்ணமிக்கு கிரிவலம் வருவேன்ல, அந்தப் பட்டத்த பாக்கறேன். நல்லா தச்சிருந்தா பொண்ண கையோட கூட்டினு வந்துடறேன்."

"அவளுக்கு வேலூர்ல கணக்கு படிக்க சீட்டு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"பொம்பள புள்ளைக்கு இன்னாடா கணக்கு? நைட்டிய எண்ணட்டும். அது ஜாஸ்தி கணக்குதான்."

"சரிக்கா," என்றார் அப்பா.

அப்பா போனை வைத்தார். அம்மா சட்னி அரைக்கப் போனாள். அன்றைக்கு மிக்ஸி ஓடிய நேரத்தில் ஊருக்கே சட்னி அரைத்திருக்கலாம். அக்கா பைண்டரைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். எனக்கு மட்டும் சந்தோஷம். அக்கா கீழ்பென்னாத்தூர் போனால் வாராவாரம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வரும் என்று மனசுக்குள் மென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமிக்கு முதல் நாள் பட்டத்துக்குப் பட்டி வெட்ட உட்கார்ந்தாள் அம்மா. இங்கே ஒரு தையல் விஷயம் சொல்ல வேண்டும். கழுத்து, அக்குள் போன்ற வளைவுகளுக்குத் துணியைக் குறுக்குவாட்டில், மூலைக்கு மூலையாக வெட்டிய பட்டி வேண்டும். அதற்குக் கிராஸ் பட்டி என்று பெயர். அது இழுத்த இழுப்புக்கு நீண்டு வளைந்து கொடுக்கும். நேரான ஓரத்துக்கு நேராக வெட்டிய பட்டிதான். நேர் ஓரத்தில் கிராஸ் பட்டியை வைத்தால் தைக்கும்போது நீண்டு, தைத்த பிறகு சுருங்கி, துணியையும் சேர்த்துச் சுருக்கிவிடும். அம்மா அக்காவுக்குச் சொல்லிச் சொல்லி இது எனக்கே மனப்பாடம். பட்டத்துக்கு மூன்றும் நேர் ஓரம். அம்மா மஞ்சள் நைலானை விரித்து, மூலையோடு மூலை சேர்த்து மடித்து, குறுக்கே கத்தரியை விட்டாள்.

"அம்மா, கிராஸா வெட்டற!" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "கடைக்கு போய் உப்பு வாங்கினு வா," என்றாள்.

"உப்பு ரெண்டு பாக்கெட் இருக்கு."

"அப்ப சக்கர வாங்கினு வா."

சர்க்கரையோடு திரும்பி வந்தபோது அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். பட்டி பைண்டருக்குள் போகும்போது இழுக்கவே கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவள், கயிறு இழுக்கும் போட்டியில் நிற்கிறவள் மாதிரி அதை இழுத்துப் பிடித்திருந்தாள். ஆனால் தையல் வரி மட்டும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. கோணலாகத் தைக்க அவள் கைக்கு வரவில்லை, பாவம். மிஷினை விட்டு எடுத்ததும் ஓரம் முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டுகொண்டது. அப்பா வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். பிறகு வண்டியைத் துடைக்கப் போனார். அது காலையிலேயே துடைத்த வண்டி.

பிறகு அக்கா பட்டத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் செலவழித்து அவரிடம் நெடுநேரம் பேசினாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மேலே இருந்து அவர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. வெள்ளைக்காரர்களுக்கு நஷ்டம் வந்தால் சிரிப்பு வரும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மத்தியானமே அத்தை வந்து இறங்கினாள். கையில் மல்லாட்டை மூட்டை இருந்தது. கூடவே காலி டிராவல் பேக் ஒன்று. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா மட்டும் அதை வாங்கி அலமாரியின் மேல், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் மலையைப் பார்த்த காலி மனையில் அத்தைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. கையில் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பட்டத்தைப் பார்த்து நாலு பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். மாடிக்காரர் அத்தைக்குக் கும்பிடு போட்டு, "அப்புறம்!" என்று சொல்லிவிட்டு, நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஓடினார்.

பட்டம் ஏறியது. ஏறிய உடனே கத்த ஆரம்பித்தது. சுருண்ட ஓரமெல்லாம் காற்றில் படபடத்து, சைலன்சர் போன புல்லட் ஒன்று ஆகாயத்தில் போகிற சத்தம். காம்பவுண்டு சுவரில் பஜ்ஜிக்குக் காத்திருந்த குரங்குகள் குட்டிகளை வாரிக்கொண்டு மலைப் பக்கம் ஓடின. எங்கோ மயில் ஒன்று பதிலுக்கு அகவியது. பட்டம் இடதுபக்கமாக மூன்று சுற்று சுற்றி, வந்த வழியை மறந்து, நேராக நாற்காலியை நோக்கி இறங்கியது. "போதும்! போதும்!" என்று கத்திக்கொண்டே அவர் நூலை இழுத்தார். அது போதவில்லை.

பட்டத்தை விலக்கிப் பார்த்தபோது அத்தை உள்ளே உட்கார்ந்தபடியே இருந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. பஜ்ஜித் தட்டு மட்டும் கையில் பத்திரமாக இருந்தது. அவள் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? சுருக்கு வெச்ச பாவாடையா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இத நைட்டி கழுத்துல வெச்சா எவ வாங்குவா? உங்கப்பன் சொன்னத நம்பி வந்தேன் பாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. என் அக்காவை, என் கண் எதிரிலேயே, தைக்கத் தெரியாதவள் என்பதா? முன்னால் போய் நின்றேன்.

"அத்தே, அது அக்கா தப்பு இல்ல. அம்மா பட்டிய கிராஸா வெட்டிட்டாங்க. நேரா வெட்டி தச்சா சூப்பரா வரும். இப்பவே வேணா பிரிச்சு தைக்க சொல்லட்டுமா?"

அம்மா கையிலிருந்த டீத் தம்ளர் சாய்ந்தது. மாடிக்காரர் தாடியைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். அத்தை என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிராஸுன்னா இன்னாடா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் விளக்கமாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். அத்தை பேசும்போது அப்பா குறுக்கே வந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அவன் கெடக்கறான்க்கா, சின்ன பையன். நேரா வெட்டினாலும் இவளுக்கு இப்டித்தான் வரும். உங்கிட்ட சும்மா பெருமைக்கு சொல்லிட்டேன். போன மாசம் எனக்கு ஒரு சட்ட தச்சா பாரு, ஒரு கை முட்டியோட நின்னு போச்சு. அத போட்டுனு நான் எங்க போறது?"

அக்கா போன மாசம் தைத்த சட்டை அந்த நேரத்தில் அப்பாவின் உடம்பிலேயே இருந்தது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை சரியாக வந்திருந்தன. அதைச் சுட்டிக்காட்ட நான் விரலைத் தூக்கினேன். அம்மா ஒரு முழு மிளகாய் பஜ்ஜியை என் வாயில் திணித்தாள். அது காரமான பஜ்ஜி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து, அக்காவுக்காக அழுகிறேன் என்று அத்தையே என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"சரி விடு. அழாத. எல்லாருக்குமா கை வேல வந்துடும்?" என்று எழுந்து கொண்டையை முடிந்துகொண்டாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள். "இத வெச்சினு நான் இன்னா பண்றது? அந்த கணக்காவது ஒழுங்கா படிக்க வை. இல்லனா இவள எவன் கட்டுவான்?"

"சரிக்கா," என்றார் அப்பா.

காலி டிராவல் பேக்கை அம்மா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துத் தந்தாள். ஒரு படி அரிசியும் இரண்டு தேங்காயும் போட்டுத்தான் தந்தாள். வெறும் பையோடு அனுப்பக் கூடாது என்றாள். அத்தை ஷேர் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குக் கிளம்பினாள். அப்பா ஆட்டோ திரும்பும் வரை கைகூப்பிக்கொண்டு நின்றுவிட்டு, அங்கேயே படியில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெற்ற மகளை நாலு பேர் முன்னால், அதுவும் பொய் சொல்லி, அவமானப்படுத்திய மனிதரோடு எனக்கு என்ன பேச்சு?

உள்ளே போனேன். அக்கா மிஷின் மேல் கவிழ்ந்து, பட்டத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவளும் குலுங்கினாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதக்கா. நீ நல்லாதான் தைக்கற. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது," என்றேன்.

அதைக் கேட்டு அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கையில் இத்தனை திறமை இருந்தும் கடைசியில் கணக்குப் படிக்கப் போகவேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்காக நானும் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன்.