லில்லியின் அலமாரிக் கதவு

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், என் மகள் பள்ளி விட்டு வந்து வாசலில் நின்றாள். "யாரப் பாக்கணும் பாப்பா?" என்று கேட்டுவிட்டேன். பெற்றவள் நான். பதினோரு வருஷம் கூப்பிட்ட பெயர் வாயில் வரவில்லை. ஜெனி பயந்து அழுதாள்.

சபையாரே, அந்த நாட்களில் என்னைப் பற்றி நீங்கள் பேசினதெல்லாம் என் காதுக்கு வந்தது. கோபம் இருந்தது, இப்போது இல்லை. நடந்ததை இன்று நானே சொல்கிறேன்.

ஓணம் லீவில் வண்டன்மேட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து நடுவில் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில் கிடந்த எங்களுக்கு அது அரண்மனை. எங்களுக்கு முன் அங்கே இருந்த லில்லி என்ற பெண் புத்தி பேதலித்து, தோட்டத்துக் குளத்தில் விழுந்து செத்தாள் என்பதைக் குடியேறின பிறகுதான் சொன்னார்கள்.

ஒரு மாதத்தில் எனக்கும் தொடங்கியது. தலைச்சுற்றல், கை நடுக்கம், மங்கல் பார்வை. அணைத்த அடுப்பு எரியும். மடித்து வைத்த துணி நனைந்து கிடக்கும். ஒரு மத்தியானம் அந்தக் குளத்துக் கரையில் நிற்கிறேன், எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் பொடி எழுத்து இருந்தது. "இன்று தலைச்சுற்று நிற்கவில்லை." "அடுப்பை அணைத்தேனா?" ஐயோ, இதை நானா எழுதினேன்? என் எழுத்து போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். விடிந்தால் போவார், பொழுது சாய்ந்து வருவார். "ஏட்டி, நெசமாவே ஒண்ணும் தெரியலையா, இல்ல நடிக்கியா?" என்பார். ஆஸ்பத்திரியில் மனசு சரியில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு நாள், "கிறிஸ்துமஸ் கழிச்சு ஜெனிய எங்கம்மாட்ட விட்டுருதேன். பிள்ளைய ஒன்ன நம்பி எப்படி விட?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

எல்லாம் லில்லியின் ஆவிதான் என்று முடிவு கட்டினேன். தினமும் பைபிளோடு சமையலறையில் நின்று, "லில்லி, வெளியே போ!" என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

பாஸ்டர் என்னைச் சபையிலேயே தங்கி மூன்று நாள் உபவாச ஜெபம் செய்யச் சொன்னார். மூன்றாம் நாள் தலை தெளிந்தது. பைபிளில் ஒரு சங்கீதம் முழுவதும் பார்க்காமல் சொன்னேன். வீட்டுக்கு வந்து நாலே நாள், மறுபடி கை நடுங்கியது. "ஆண்டவரே, சபையில மட்டுந்தான் இருப்பீரா?" என்று சண்டை பிடித்தேன். "அற்புதம் வேண்டாம். என்ன நடக்குதுன்னு மட்டும் காட்டும்" என்று சமையலறைத் தரையில் விழுந்து அழுதேன்.

தலையைத் தூக்கினால், திறந்து கிடந்த அதே அலமாரிக் கதவு. அடிப்பக்கத்தில், நான் அதுவரை பார்க்காத ஒரு வரி: "அம்மா வீட்டில் மூன்று நாள். தலை தெளிவு. திரும்பி வந்ததும் பழையபடி."

என் அம்மா செத்துப் பல வருஷம். இது லில்லி எழுதினது. அப்படியானால் இந்த வீட்டில்தான் ஏதோ இருக்கிறது.

பக்கத்தில் இருக்கும் மரியக்காவை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அவள் வீட்டுக்காரர் ஏலக்காய்ச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர். மூச்சு வாங்க வந்தவள் தண்ணீர் கேட்டாள். டம்ளரை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள்.

"ஏளா, இந்தத் தண்ணியவா குடிக்க? எங்க வீட்டுக்காரர் சட்டையத் தொவைக்கும்போது வார வாடைல்லா இது!"

தினமும் குடித்த எனக்கு அந்த வாடை தெரியவே இல்லை. வீட்டுக்குத் தண்ணீர் வரும் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டே இருவரும் மேலே ஏறினோம். குழாய் தொடங்கும் ஊற்றில் தோட்டத்து ஆட்கள் பூச்சிமருந்து டிரம்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் ஜெனியும் பகலெல்லாம் வெளியே இருந்தார்கள். நான்தான் நாள் முழுக்க அந்தத் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறேன். டாக்டரும் பூச்சிமருந்து விஷம்தான் என்றார்.

தண்ணீரை மாற்றினோம். ஜெனி என்னோடுதான் இருக்கிறாள். யாரை விரட்டச் சொல்லி ஜெபித்தேனோ, அவள் கையெழுத்தாலேயே ஆண்டவர் எனக்குப் பதில் தந்தார். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது தடுமாறினால், ஆண்டவரிடம் கேளுங்கள். காட்டுவார். காட்டினால் எழுந்து போய்ப் பாருங்கள்.

அந்தக் கதவைக் கழற்றி ஜீப்பில் ஏற்றி லில்லியின் அம்மாவிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா ஒவ்வொரு வரியாக விரலால் தடவிப் படித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்ப எம்மவ பைத்தியம் இல்லல்லா?" என்று கேட்டார்கள்.

"இல்லம்மா" என்றேன்.