உடையப்பன் விட்டுப்போன புரோகிராம்

“தற்காலிகத் தட்டச்சர். தட்டச்சுப் பொறி தவிர வேறு எந்த இயந்திரத்துக்கும் பொறுப்பில்லை.” சந்திரிகாவைப் பற்றித் தோட்ட நிர்வாகம் எழுதிவைத்தது இவ்வளவுதான். 1989இல், கலும்பாங் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் கணக்கெழுதும் கிராணி உடையப்பன். லோரி மோதி இறந்துபோனார். மற்றவள் சந்திரிகா.

மேனேஜர் நடராஜாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உடையப்பனின் நாற்காலியில் அவர் உட்காரமாட்டார். சந்திரிகாவுக்கு நம்பிக்கை உண்டு, கையில் கறுப்புக் கயிறும் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள்தான்.

உடையப்பனின் மேசை இழுப்பறையில் ஒரு டிஸ்கெட் கிடைத்தது. அதில் இருந்தது ஒரே புரோகிராம். பெயர் RAJAM.

கணவரின் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்த இராஜம்மா சொன்னார்: “கம்ப்யூட்டர ஒன்னையக் கூப்புட வைக்கிறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு தடவ பாத்துக்கிறேன், தங்கச்சி.”

“வைரஸா இருக்கும்லா,” என்றார் நடராஜா. “அந்த மனுசன் கண்ட கண்ட டிஸ்கெட்டயும் போட்டு கேம் வெளையாடுனவரு. தோட்டத்து ஆளுங்க பதிவு பூரா நம்ம மெஷின்லதான் இருக்கு. அழிச்சிடு.”

“பாத்துட்டு அழிக்கலாம் சார்.”

“நீ பாக்குறதுக்குள்ள அது ஒன்னையப் பாத்துடும்.”

ஸ்டோரில் ஒரு பழைய கணினி கிடந்தது. வன்தட்டு இல்லாதது, கெட்டுப்போக அதற்குள் ஒன்றுமில்லை. சந்திரிகா புரோகிராமை வேறொரு டிஸ்கெட்டில் நகலெடுத்தாள். வைரஸ் ஏறினால் மற்ற கோப்புகள் பருக்கும் என்று உடையப்பனே சொல்லியிருந்தார். அதனால் கூடவே நல்ல கோப்புகள் சிலவற்றையும் போட்டு, அவற்றின் அளவைக் குறித்துக்கொண்டாள். பிறகு ஓட்டினாள்.

கீச்சென்று ஒரு சத்தம். கறுப்புத் திரையில் RAJAM.

அவள் வளர்ந்த தோட்டத்து லயக் குடியிருப்பில், பெயர் சொல்லி யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்கு முன் பதில் சொல்லக் கூடாது. பேய்க்கு மூன்றாவது தடவை கூப்பிட வராது. சந்திரிகா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி கீச், RAJAM. அவள் அசையவில்லை. வெளியே ரப்பர் பால் லோரி வந்து நின்று போயிற்று. மூன்றாவது முறையும் கூப்பிட்ட பிறகே ஒரு விசையைத் தட்டினாள்.

TEA, என்றது திரை.

கோப்புகளின் அளவைப் பார்த்தாள். எதுவும் பருக்கவில்லை. புரோகிராம் சுத்தம். ஆனால் பயம் குறையவில்லை, கூடியது. வைரஸ் என்றால் யாரோ முகம் தெரியாதவன் செய்தது. இது உடையப்பனே கூப்பிடுவது.

இராஜம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி ஓட்டினாள். முதல் கீச்சுக்கே இராஜம்மா, “இந்தா, வர்றேன்,” என்று பாதி எழுந்துவிட்டார். சந்திரிகா கயிற்றைப் பிடித்தபடி விசையைத் தட்டினாள்.

இராஜம்மா திரையைப் பார்த்தார். “செத்தும் டீதான் கேக்குறாரு.”

புரோகிராம் சுத்தம் என்று சந்திரிகா போய்ச் சொன்னாள். “இருந்தாலும் அழிச்சிடு,” என்றார் நடராஜா.

உடையப்பனின் டிஸ்கெட்டில் இருந்ததை அவள் அழித்தாள். நகலை இராஜம்மாவிடம் கொடுத்தாள்.