அத்தைமேல் வீசிய மல்லிகை வாசம்

பிள்ளைக்குப் பாலூட்டும்போது என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"ஏளா, பால்தான் கட்டியிருக்கு. மல்லிகைப் பூ வச்சுக் கட்டுனா வத்திரும்" என்று மாமியாரே கட்டிவிட்டார். பூதான் வாடியது. பயந்துபோய் மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் போனேன். ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள்.

"வெள்ளக்காரிகிட்ட மாரைக் காட்டுனா, அவ அறுத்து வச்சிக்கிட்டா!" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொல்லிச் சிரித்தார்.

மறு வருஷம் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. குளிப்பாட்ட ரவிக்கையைக் கழற்றினேன். கணவரை இழந்தபின் தலையில் பூவே வைக்காதவரின் மார்பிலிருந்து வாடிய மல்லிகை உதிர்ந்தது. அதன் அடியில் ஒரே புண்.

"எப்பலேருந்து அத்தே?"

"உனக்கு வாரதுக்கு முன்னாலயே."

டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

எனக்குப் பூக் கட்டிய அன்று, அது கேட்காது என்று அத்தைக்குத் தெரிந்திருக்குமோ? மல்லிகை வாசம் வந்தாலே என் கை மிச்சமிருக்கும் மார்பைத் தடவிப் பார்க்கிறது.