முத்தலிபு வேண்டாம் என்ற தண்ணீர்

தில்லையடியில் முத்தலிபு நானாவைக் குறை சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர். 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்து இறங்கிய அன்று, இஸ்ஹாக் ஹாஜியார் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் நீட்டினார். அன்றிலிருந்து இந்த ஊரில் யார் குடிக்கக் கொடுத்தாலும் மறுப்பதில்லை என்று அவருக்கு ஒரு வைராக்கியம். உப்பளத்தில் மேற்பார்வை பார்த்த காலத்தில் அது நல்ல குணமாக இருந்தது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அதுவே வில்லங்கமானது.

செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டார். குடித்த தண்ணீர் வெளியேற வேறு வழியில்லை. நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் ஆகாது. அவர் மனைவி அஸீஸா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக இருந்தாள். அதற்கு முன், அவருடைய இதயம் சத்திரசிகிச்சையைத் தாங்குமா என்று எக்கோ ஸ்கேனில் பார்க்க வேண்டும். நான்கு மாதம் காத்திருந்து ஒரு திங்கட்கிழமை கிடைத்தது.

எங்கள் ஊரில் ஒருவர் பெரிய பரிசோதனைக்குப் போகிறார் என்றால் முதல் நாள் போய்ப் பார்க்காமல் இருப்பது மனிதத்தன்மை இல்லை. வெறுங்கையோடு போவது அதைவிடக் கேவலம். ஆகவே ஞாயிறு முழுக்கப் போனோம். எதிர்வீட்டு றைஸா குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்தாள். ஹாஜியார் மக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஸம்ஸம் தண்ணீரோடு வந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நான் இரண்டு செவ்விளநீர்.

"ஒரு மொடக்குத்தானே நானா" என்றோம் எல்லோரும். எங்களுக்கு ஆளுக்கொரு மொடக்கு. அவருக்கு எடையில் நாலு கிலோ.

மறுநாள் டொக்டர் அருமைநாயகம் திரையைப் பார்த்தார், வீங்கிய காலைப் பார்த்தார்.

"உடம்பு முழுக்கத் தண்ணி. அதைத் தள்ள ஏலாம இதயம் வீங்கிப்போய் நிக்குது. அதின்ர சொந்தப் பலம் எவ்வளவெண்டு இப்ப சொல்லேலாது. டயலிசிஸ் செய்த அடுத்த நாள் வாங்கோ, தண்ணி இறங்கினாப் பிறகு பாப்பம். இந்த ரிப்போர்ட்டுக்கு ஒருத்தரும் ஒப்பரேசன் செய்ய மாட்டினம்."

அன்று மாலை மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"நான் கிட்னியே தாறன். நீங்க ஒரு கோப்பை தண்ணிய வேணாமெண்டு சொல்ல மாட்டீங்க."

"அவங்கட மனசு நோகுமே, அஸீஸா."

"என்ட மனசு?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை கிடைக்கும்வரை அந்த வெட்கம் தாங்கியது. செவ்வாய் மாலை, வழக்கம் வழக்கம்தான் என்று மறுபடி போனோம். எனக்குப் புத்தி வந்திருந்ததால் ஒரு இளநீரோடு நிறுத்திக்கொண்டேன்.

டயலிசிஸ் முடிந்து வந்த களைப்பில் அவர் கதிரையில் சாய்ந்திருந்தார். ஹாஜியார் ஸம்ஸம் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார். முத்தலிபு நானாவின் கை பாதிவரை போய் நின்றது.

"வேணாம் ஹாஜியார்."

"ஒரு மொடக்கு."

"மொடக்கும் வேணாம். நீங்க தந்த மொதத் தண்ணிய நான் மறக்கல்ல. ஒப்பரேசன் முடிய நானே உங்கட வீட்ட வந்து குடிக்கிறன்."

அஸீஸா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஹாஜியார் போத்தலை மூடிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் நாங்களும் எழுந்தோம்.

"மனுசனுக்குத் தலைக்கனம் புடிச்சிட்டு" என்று வழியில் றைஸா சொன்னாள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் இளநீரை வெட்டிக் குடித்தேன். பாதியில் நிறுத்தி, மீதியை முற்றத்தில் ஊற்றினேன்.

எக்கோவில் இதயம் நன்றாக இருந்தது. சத்திரசிகிச்சைக்குக் கொழும்பில் நாள் குறித்தார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் ஊரே கோபத்தில் இருந்ததால் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. நான் மட்டும் போய்க் கேற்றைத் தட்டினேன்.

அஸீஸா முதலில் என் கைகளைத்தான் பார்த்தாள். பிறகுதான் கதிரையை இழுத்துப் போட்டாள்.