குழாயடியில் ஒரு உலக சபை

போன செவ்வாய்க்கிழமை டீக்கடை ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ சண்டை. உடனே நிறுத்த வேண்டும் என்று உலக நாடுகளின் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்களாம். கிட்டத்தட்ட எல்லோரும் கை தூக்கினார்களாம். ஒரே ஒரு பெரிய நாடு வேண்டாம் என்றதாம். தீர்மானம் விழுந்துவிட்டதாம்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.

"அதெப்டிங்க? அத்தினி பேர் சரின்றாங்க. ஒருத்தர் வேணாம்னா முடிஞ்சி போச்சா?"

பெஞ்சில் நானும் இருந்தேன். எனக்குப் பதில் தெரியும். ஆனால் நாலு பேர் நடுவில் வாயைத் திறப்பது என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்கு அது தெரிந்த விஷயம்தான். பேச வராததால்தானே எழுதுகிறேன்? பன்னை டீயில் நனைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. தொழில், சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு ஃபிரேம் அடிப்பது. உனக்கு எப்படி உலக விவகாரம் தெரியும் என்று கேட்பீர்கள். இந்தக் கோடையில் எங்கள் தெருவிலேயே ஒரு உலக சபை நடந்தது. அதில் நான்... எப்படிச் சொல்ல... ராணுவமாக இருந்தேன்.

எங்கள் மேல்தெருவுக்கும் அதன் பின்னால் இருக்கிற சந்துக்கும் சேர்த்து முனையில் ஒரே தெருக்குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். ஏரி வற்றிய பிறகு அது நூல் மாதிரி வர ஆரம்பித்தது.

மேல்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். செங்கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. சந்தில் அந்த வழக்கம் கிடையாது. அவர்களுக்கு ஆள் நின்றால்தான் ஆள். ஒரு நாள் சந்துப் பெண்கள் குடத்தோடு வந்து பார்த்தால், குழாயடியிலிருந்து தெருவிளக்குக் கம்பம் வரைக்கும் செங்கல். ஒரு சின்ன வீடே கட்டியிருக்கலாம். காலால் தள்ளிவிட்டார்கள். அப்புறம் என்ன... ஒரு பித்தளைக் குடம் நசுங்கியது. ஒருவர் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

இதில் பலமாக அடிபட்டவள் புஷ்பா. உடம்பில் அல்ல, பிழைப்பில். சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். புருஷன் காலமாகிவிட்டான். அவளும் மகளும்தான். கீழ்பென்னாத்தூர் போகிற முதல் பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் அவளிடம் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் இருக்கிறதே, அதுதான் அவளுக்கு அறுவடை. நாலு குடம் தண்ணீர் இருந்தால் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் இல்லை. இரண்டு நாள் மூடிக் கிடந்த கடையைத் தேடி மூன்றாம் நாள் யார் வருவார்கள்?

எங்கள் தெருவில் ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். செய்தித்தாளை அச்சாபீஸ் விலாசம் வரைக்கும் படிக்கிறவர். அவர்தான் சமாதானக் கமிட்டி யோசனை சொன்னார்.

"நாமளா ஒண்ணும் புதுசா பண்ண வேணாம். உலகத்துல எப்டி நடக்குதோ அப்டியே நடத்தலாம். பெரிய மனுஷங்க அஞ்சு பேரு. அஞ்சு பேரும் ஒத்துக்கினா முடிவு. ஒருத்தர் வேணாம்னாலும் இல்ல."

"அது ஏன் சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெரிய மனுஷங்கள மீறி முடிவு பண்ணா கோச்சிக்கினு வெளிய பூடுவாங்க. வெளிய பூட்டா சண்டை ஜாஸ்தியாவும். உள்ளயே வச்சிக்கணும்னா இந்த மரியாதய குடுத்துதான் ஆவணும்."

நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் அதில் முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஐந்து பேர்: ஹெட்மாஸ்டர், நாட்டு வைத்தியர், மளிகைக் கடைக்காரர், ஜவுளிக் கடைக்காரர், நிலக்கடலை மண்டி முதலாளி. எல்லோரும் மேல்தெரு. சந்தில் இருந்து? "அவங்க கூட்டத்துக்கு வர்லாம். பின்னாடி நிக்கலாம்" என்று ஒருமனதாக முடிவானது. கூட்டம் முடிந்ததும் புஷ்பா கடை இட்லி வாங்குவது என்பதும் அதே வேகத்தில் ஒருமனதாக முடிவானது.

அடுத்து, குழாயடியில் தினமும் உட்கார்ந்து கண்காணிக்க ஒரு நடுநிலை ஆள் வேண்டும். மேல்தெரு சொன்ன பெயர்களைச் சந்து ஏற்கவில்லை. சந்து சொன்னவர்களை மேல்தெரு ஏற்கவில்லை. கடைசியில் என் பெயர் வந்தது. இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தார்கள். நான் யாரைப் பற்றியும் எதுவும் பேசிய ஞாபகம் ஒருவருக்கும் இல்லை. இதற்குத்தான் நடுநிலை என்று பெயராம். மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

உலக சபையின் படைக்கு நீலத் தொப்பி என்று ஹெட்மாஸ்டர் பத்திரிகைப் படத்தில் பார்த்திருக்கிறார். தொப்பிக்கு எங்கே போக? ஜவுளிக் கடையில் நீல ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு கிழித்து என் கையில் கட்டிவிட்டார். ஒரு விசிலும் கொடுத்தார்.

"சண்டை வந்தா நடுவுல பூந்துடாதீங்க. யாரையும் தடுக்காதீங்க. பாக்கணும். பாத்தத கமிட்டியில வந்து சொல்லணும்."

"விசில் சார்?"

"பையில இருக்கட்டும். ஊதறதா இருந்தா கமிட்டி கூடி முடிவு பண்ணும்."

கடையிலிருந்த ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். அதன் பிறகு யார் மண்டையும் உடையவில்லை. ஒருவன் பார்த்துக்கொண்டு இருக்கிறான் என்றால் மனிதர்கள் குரலைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கொள்கிறார்கள். அவ்வளவு தூரம் அந்த நீலத் துணிக்கு மதிப்பு இருந்தது.

ஆனால் தண்ணீர்?

உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. குழாய் நன்றாகத்தான் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் மண்டி முதலாளி வீட்டுக்குள் இருந்து 'உம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பும். குழாய் நூலாகும். சத்தம் நிற்கும்போது குழாய்க்கு மறுபடி உயிர் வரும் — அதற்குள் தண்ணீர் நிறுத்துகிற நேரமும் வந்துவிடும். தெருக்குழாய்க்கு வருகிற பைப்பிலேயே மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

புஷ்பா அரைக் குடத்தோடு என் பக்கம் வந்து நின்றாள்.

"சத்தம் கேக்குதாண்ணா?"

"கேக்குதும்மா."

"கேட்டுக்கினு குந்தினு இருக்கிறீங்களே."

"அதாம்மா எனக்குக் குடுத்த வேல."

"முனிசிபாலிட்டி ஆளாண்ட சொன்னேன். ஒங்க தெருவுலதான் கமிட்டி கீதே, அங்க போய்ச் சொல்லுன்றாரு. சரி, அந்தக் கமிட்டி மேலயே புகார் சொல்லணும்னா யாராண்ட போறது? அதச் சொல்லுங்க, போயிக்கிறேன்."

பையில் இருந்த விசிலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டி வாசலில் கூட்டம். மூட்டைகளுக்கு நடுவில் ஐந்து நாற்காலிகள். பின்னால் சந்துப் பெண்கள் நின்றார்கள். புஷ்பா பெரிய தூக்கை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் கால் விரலைப் பார்த்துக்கொண்டே பார்த்ததையும் கேட்டதையும் சொல்லி முடித்தேன். ஹெட்மாஸ்டர் நேர்மையான மனிதர். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் எந்த வீட்டிலும் மோட்டார் போடக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். வைத்தியர் கை தூக்கினார். மளிகை தூக்கினார். ஜவுளி, கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூக்கினார்.

மண்டி முதலாளி காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"நான் ஒத்துக்கல."

"காரணம் ஏதாவது..." என்று இழுத்தார் ஹெட்மாஸ்டர்.

"காரணம் சொல்லணும்னு ரூல்ஸ்ல இருக்குதா சார்?"

இல்லை. ரூல்ஸ் எழுதியவரே ஹெட்மாஸ்டர்தான். தீர்மானம் விழுந்தது.

உடனே இன்னொரு தீர்மானம். குழாயடி நிலவரம் பற்றிக் கமிட்டி மிகுந்த கவலை கொள்கிறது, இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும். இதற்கு ஐந்து கையும் சேர்ந்து எழுந்தன. மண்டிக்காரர் கை கொஞ்சம் முந்தியே எழுந்தது.

அப்போது எனக்கு என்ன ஆயிற்றோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"ஐயா... கமிட்டி மேல யாருக்காவது புகார் இருந்தா... யாராண்ட குடுக்கறது?"

மண்டி முதலாளி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. மனிதர் நல்லவர்தான். கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பவர்.

"இன்னா கண்ணாடிக்காரரே, இத்தினி நாள் வாயே தொறக்காத ஆளு. கமிட்டி மேல புகார்னா கமிட்டியாண்டதான் குடுக்கணும். கமிட்டி விசாரிக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பழக்கதோஷம், நானும் ஆட்டினேன்.

"சரி, இட்லிய எட்தாம்மா" என்றார் மளிகைக் கடைக்காரர்.

புஷ்பா முன்னால் வந்தாள். தூக்கைக் கீழே வைத்து மூடியைத் திறந்தாள். காலி.

"இன்னாம்மா இது?"

"எங்க வூட்லயும் ஒரு கமிட்டி போட்டோம் மொதலாளி. நானு, எம் பொண்ணு, அடுப்பு, சட்டி, தண்ணி. அஞ்சு பேரு. நாங்க நாலு பேரும் கை தூக்கிட்டோம். தண்ணி மட்டும் ஒத்துக்கல."

"ஏன் ஒத்துக்கலயாம்?" முதலாளி யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

"காரணம் சொல்லணும்னு ரூல்ஸ் இல்லியாமே."

வைத்தியருக்கு இருமல் வந்துவிட்டது. பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஹெட்மாஸ்டர் மேலே பார்த்தார். அங்கே ஓடுதான் இருந்தது. ஐந்து பெரிய மனிதர்களும் அன்றைக்குப் பசியோடு வீட்டுக்குப் போனார்கள்.

மோட்டார் நின்றுவிட்டது என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே மண்டி முதலாளி வீட்டு மாடித் தொட்டியிலிருந்து நாலு குடம் தண்ணீர், ஆள் தலையில் ஏறி, புஷ்பா வீட்டுக்கு வந்தது. மறுநாளும் வந்தது. தினமும் வந்தது. அடுத்த கூட்டத்தில் முதலாளியின் தாராள மனசைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். அதையும் அவர் எதிர்க்கவில்லை.

சந்தில் மற்றவர்கள் நூல் தண்ணீரிலேயே காலம் தள்ளினார்கள். புஷ்பா தன் பங்கில் ஒரு குடத்தைப் பக்கத்து வீடுகளுக்கு ஊற்றினாள் என்று கேள்வி.

"வாங்கிக்கினியாம்மா?" என்று கேட்டேன்.

"வாங்காம இன்னா பண்றதுண்ணா? பௌர்ணமி வருது. அரிசி ஊறப் போடணும். எங்க கொழாயில வர வேண்டிய தண்ணி, அவரு மோட்டார்ல ஏறி, அவரு தொட்டியில எறங்கி, தர்மமா எங்க வூட்டுக்கு வருது. மலயச் சுத்தி வர்ற மாதிரி கொஞ்சம் சுத்து. அவ்ளோதான்."

உலக சபையைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்த ரேடியோவும் எனக்குச் சொன்னதில்லை. அப்படி ஒரு சபையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கமிட்டி இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நெற்றிக்குத் தையல் விழுந்திருக்கும். ஆனால் எல்லோரையும் கேள்வி கேட்கிற இடத்தில் உட்காருகிறவரை யார் கேள்வி கேட்பது? அப்படிக் கேட்கிறவர் உட்கார ஒரு நாற்காலியை மட்டும் ஏன் யாருமே செய்து வைப்பதில்லை?

அப்புறம் மழை வந்தது. ஏரி நிறைந்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது, சண்டை நின்றது. கமிட்டிக்கு வெற்றி என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். மழைக்கு யாரும் நன்றித் தீர்மானம் போடவில்லை.

கமிட்டியை இன்னும் கலைக்கவில்லை. கலைப்பதற்கும் ஐந்து பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். என் ஸ்டூலை நானே எடுத்து வந்துவிட்டேன். விசிலை ஹெட்மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன், ஒரு தடவைகூட ஊதாமல். நீலத் துணியைப் புஷ்பா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தினமும் காலையில் கொதிக்கிற இட்லிச் சட்டியை அந்தத் துணியால் பிடித்துத்தான் இறக்குகிறாள். ஒரு கையையாவது அது காப்பாற்றுகிறது — கமிட்டியைக் கேட்காமலே.