மேப்பில் நடந்த அம்மா

செத்துப்போன எங்கம்மா ஒரு நாள் விடியக்காலையில ஸ்ரீரங்கத்துல நடந்துக்கிட்டிருந்தா. நான் என் கண்ணால பாத்தேன். உறையூர்ல என் வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு, போன்ல பாத்தேன். பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சுபோச்சு. அதைக்கூட நான் கவனிக்கலை.

முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். நான் ஒரு மேப் பைத்தியம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நெரிசலா, காவேரிப் பாலம் சிவப்பாக் காட்டுதா, எல்லாம் பாத்துட்டுத்தான் ஸ்கூட்டியை எடுப்பேன். "அடுத்த தெரு மளிகைக் கடைக்கும் மேப் போட்டுட்டுப் போவா இவ"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. பண்ணட்டும். வழி தெரியாம தொலைஞ்சு நிக்கிற கொடுமை அவருக்கென்ன தெரியும்?

எங்கம்மா அப்படி ஒருதடவை நின்னா. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல. அப்பா பாட்டுக்கு விறுவிறுன்னு முன்னாடி போயிட்டாரு, அம்மா பின்னாடி மாட்டிக்கிட்டா. கூட்டத்துக்கு நடுவுல செருப்பு ஒண்ணை விட்டுட்டு அழுதுக்கிட்டு நின்னவளை யாரோ ஒரு போலீஸ்காரம்மா கூட்டிக்கிட்டு வந்து வீட்டுல விட்டாங்க. அப்பா அதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்து காபி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. அன்னைக்கே ரெண்டு பேர் போனையும் பிடுங்கி, லொகேஷன் எப்பவும் எனக்கும் அமெரிக்காவுல இருக்கிற அண்ணனுக்கும் தெரியற மாதிரி வெச்சுவிட்டேன். அம்மாவுக்கு, கல்யாணத்துல மல்லிப்பூ வெச்சுக்கிட்டுச் சிரிக்கிற போட்டோ. அப்பாவுக்கு, உலகத்து மேலயே கோவமா இருக்கிற போட்டோ. மேப்ல ரெண்டு சின்ன வட்டமா ரெண்டு பேர் முகமும் வந்துடும்.

அதுல இருந்து காலையில பால் காயற நேரத்துல அந்த ரெண்டு வட்டத்தையும் பாக்கறது பழக்கமாயிடுச்சு. அப்பா அம்மா வீடு கோயிலுக்கு மேற்கே, மேலச் சித்திரை வீதி. தினமும் ரெண்டு பேரும் நாலு சித்திரை வீதியையும் ஒரு சுத்து சுத்துவாங்க. கோயில் எப்பவும் வலது கைப்பக்கம் இருக்கணும். வீட்ல இருந்து வடக்கே ஏறி, கிழக்கே திரும்பி, தெற்கே இறங்கி வரணும். ஸ்ரீரங்கத்துல இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிறதில்லை. வெளியூர்க்காரங்க யாராவது தெரியாம எதிர்ப்பக்கமா வந்தா அப்பா விடமாட்டாரு. "ஏங்க, சாமியை இடமாவா சுத்துவாங்க?"ன்னு நடுரோட்டுல நிறுத்திக் கேப்பாரு.

மேப்ல அப்பா வட்டம் கிழக்கு வீதியில இறங்கும்போது அம்மா வட்டம் வடக்கு வீதியில பாதியிலதான் இருக்கும். அப்பா காலைத் தூக்கித் தூக்கி வெச்சு, பூனை மாதிரிச் சத்தமில்லாம நடக்கிறவரு. அம்மா செருப்பைத் தேச்சுத் தேச்சு நடப்பா. அந்தச் சத்தமே அப்பாவுக்கு ஆகாது. "காலைத் தூக்கி வெய்யேன்டி"ம்பாரு, திரும்பிக்கூடப் பாக்காம. "ஏங்க, கொஞ்சம் நில்லுங்களேன்"னு அவ கேப்பா. "நீ வா, நான் போறேன்"ம்பாரு. "சரி, நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வரேன்"ம்பா. தினமும் இதே பேச்சுதான். வீட்டுக்குள்ள இருக்கும்போது தவிர அந்த ரெண்டு வட்டமும் சேர்ந்திருந்து நான் பாத்ததே இல்லை.

எப்பவும் பின்னாடியே வந்தவ, சாவுல மட்டும் முன்னாடி போயிட்டா. சர்க்கரை, கால்ல புண்ணு, ஆஸ்பத்திரி. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. அவ போன் கைப்பையிலயே சார்ஜ் தீர்ந்து அணைஞ்சுடுச்சு. காரியமெல்லாம் முடிஞ்ச பிறகும் மேப்ல அம்மா வட்டம் ஆஸ்பத்திரி மேலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. நாங்க அவளை அங்கேயே மறந்து விட்டுட்டு வந்துட்ட மாதிரி இருக்கும் எனக்கு. கொஞ்ச நாள்ல அந்த வட்டமும் போயிடுச்சு. பேர் மட்டும் கீழே மங்கலா இருந்துச்சு. அதை எடுத்துவிட எனக்கு மனசு வரலை.

அப்புறம்தான் அந்தக் காலை. மல்லிப்பூவோட அம்மா மேலச் சித்திரை வீதியில நகர்ந்துக்கிட்டு இருக்கா. அப்பா வட்டம் வீட்டுலயே அசையாம இருக்கு. அப்பாவுக்குப் போன் போட்டேன். அடிக்குது, எடுக்கலை. மறுபடியும் போட்டேன். எடுக்கலை. வட்டம் போய்க்கிட்டே இருக்கு. அதுவும் வடக்கே ஏறலை, தெற்கே இறங்குது. போனைத் தலைகீழாத் திருப்பிப் பாத்தேன். எப்படிப் பாத்தாலும் அம்மா கோயிலை இடமாத்தான் சுத்திக்கிட்டு இருந்தா.

அண்ணன் கூப்பிட்டான். அங்க அவனுக்குச் சாயங்காலம். "ஏய், அம்மா..."ன்னான். ரெண்டு பேரும் மூச்சு விடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். அது நாலு வீதியும் சுத்தி முடிச்சு வீட்டுக்குள்ள போச்சு. உடனே அப்பா தன் போன்ல இருந்து என்னைக் கூப்பிட்டாரு. "என்னம்மா, போன் பண்ணியிருந்தியா? குளிச்சுக்கிட்டு இருந்தேன்"ன்னாரு.

அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. அவர் போனை வீட்டுல வெச்சுட்டு, அம்மா போனுக்குச் சார்ஜ் போட்டு எடுத்துக்கிட்டு நடந்திருக்காரு. ரீசார்ஜும் விடாம பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு மனுஷன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்வாங்க. இவர் புளுகு எட்டு நிமிஷம் தாங்கலை. ஆனா எனக்குச் சிரிப்பு வரலை. ஊர்ல எல்லாருக்கும் வழி சொல்றவரு ஏன் இடமா சுத்தினாரு?

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் விடியும்போது அம்மா முகம் எதிர்ப்பக்கமா போறதை நான் உக்காந்து பாத்தேன். காரணம் தெரிஞ்சும் கண்ணை எடுக்க முடியலை.

அண்ணன் பயந்தே போயிட்டான். "உனக்குத் தெரியாது. நீங்கள்ளாம் சுடுகாட்டுக்கு வரலை. கொள்ளிடக் கரையில அன்னைக்கு நான் பானையைத் தோள்ல வெச்சுக்கிட்டு அம்மாவை இடமாத்தான் சுத்தினேன். செத்தவங்களைத்தான் அப்படிச் சுத்துவாங்க. இப்ப அவரு அதையே பண்றாரு"ன்னு அழுதான். அப்புறம் குரலைச் சரிபண்ணிக்கிட்டுச் சொன்னான்: "அவருக்குப் புத்தி தடுமாறுது. கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் இல்லம் பாத்து வெச்சிருக்கேன். நல்ல இடம், டாக்டர் கூடவே இருக்காங்க. நீ ஒரு நாள் போய் நேர்ல பாரு. அவரு சரியில்லேன்னு நீ சொல்லிட்டா, அடுத்த வாரமே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

என் வீட்டுக்கு வந்து இருங்கன்னா, மக வீட்டுல தங்கமாட்டேங்கிற ஆளு அவரு. கோயம்புத்தூர்ல கொண்டுபோய் விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த நாலு வீதியை விட்டா அந்த மனுஷன் ஒரு மாசம் தாங்கமாட்டாரு. அண்ணன் சொல்றதும் தப்பில்லையே? வழி தெரியாமத்தான் சுத்துறாருன்னா, நாளைக்கு கொள்ளிடத்துப் பக்கம் போயிட்டா யாரு தேடுவா? என் ஒரு வார்த்தையில இருக்கு அவர் கதி.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே ஸ்கூட்டியை எடுத்தேன். பாலத்துல ஈ காக்கா இல்லை. மேலச் சித்திரை வீதிக்கு வந்தா வீடு பூட்டியிருக்கு. மேப்பைத் திறந்தேன். அம்மா ஏற்கெனவே தெற்கு வீதியைத் தாண்டி கிழக்கு வீதியில, தேர் நிக்கிற தேர்முட்டிப் பக்கம் போய்க்கிட்டு இருந்தா. நான் வடக்கே நடக்க ஆரம்பிச்சேன், வழக்கமான வழியில. எப்படியும் எதிர்ல வந்துதானே ஆகணும்.

வடக்குச் சித்திரை வீதியில திரும்பினேன். வாசல் தெளிக்கிறாங்க. போன்ல நான் ஒரு நீலப் புள்ளி. எதிர்ல இருந்து அம்மா முகம் வந்துக்கிட்டு இருக்கு. கிட்ட வருது. இன்னும் கிட்ட வருது. தலையை நிமிர்த்திப் பாக்க எனக்குத் தைரியம் இல்லை, சத்தியமாச் சொல்றேன். படிச்சவதான், ஸ்கூல் ஆபீஸ்ல உக்காந்து ஆயிரம் பேருக்குப் பதில் சொல்றவதான். ஆனா அந்த நிமிஷம் நிமிர்ந்தா மல்லிப்பூவோட அம்மா நிப்பான்னு நான் நம்பினேன். பயந்தேன். ஆசைப்பட்டேன்.

நிமிர்ந்தேன். அப்பா வந்துக்கிட்டு இருந்தாரு. சட்டைப் பையில கையை வெச்சு அழுத்திக்கிட்டு, எதிர்ல வர்ற ஒவ்வொரு பொம்பளை முகத்தையும் உத்து உத்துப் பாத்துக்கிட்டு வந்தாரு. ஒரு அம்மா முகத்தைச் சுளிச்சுக்கிட்டு ஒதுங்கிப் போனாங்க. யாரையும் அப்படிப் பாக்காத மனுஷன். அய்யோன்னு இருந்துச்சு எனக்கு.

என்னைப் பாத்ததும் நின்னாரு. எனக்கு அம்மா ஜாடைன்னு எல்லாரும் சொல்வாங்க. அப்பா முகம் அப்படியே மலர்ந்துபோச்சு.

"ஏன்டி இவ்வளவு நேரம்?"ன்னாரு.

அடுத்த நொடி அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. "நீயாம்மா"ன்னாரு. அந்த முகம் அணைஞ்சதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

பக்கத்துல ஒரு கடைப் படியில உக்காந்தோம். "ஏம்ப்பா இப்படி இடமா சுத்துறீங்க? நீங்களே பண்ணலாமா?"ன்னு கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன், அழுகையை அடக்க எனக்கு வேற வழி தெரியலை.

"தெரிஞ்சுதாம்மா பண்றேன்"ன்னாரு. "முறைப்படி வலமா நடந்தா, பின்னாடி அவ வர்ற சத்தம் கேக்குது. செருப்பைத் தேச்சுக்கிட்டு வருவாள்ல, அந்தச் சத்தம். வடக்கு வீதியில திரும்பினதும் ஆரம்பிச்சுடும். திரும்பிப் பாத்தா யாரும் இல்லை. நின்னு பாத்தேன், அப்பவும் இல்லை. இருக்கும்போது ஒரு நாள் திரும்பிப் பாத்திருப்பேனா? இப்ப திரும்பினா எப்படி இருப்பா? அதான் யோசிச்சேன். அவ எப்பவும் எனக்குப் பின்னாடிதானே வருவா. நான் இந்தப் பக்கமா போனா, எதிர்ல வந்துதானே ஆகணும்."

நானும் அதே கணக்கைப் போட்டுக்கிட்டுத்தான் அன்னைக்கு வடக்கே நடந்தேன். பைத்தியம்னா எனக்கும் பைத்தியம்தான்.

"சரி, நீ எப்படி இங்க வந்தே? நான் இங்க இருக்கிறது யாரு சொன்னா?"ன்னு கேட்டாரு. நான் மேப்பைக் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு.

"இது யாரு, உங்கம்மாவா?"

"ஆமாப்பா. அம்மா போன் உங்க பையில இருக்குல்ல."

"இப்ப எங்க நிக்கிறா?"

"இதோ. வடக்குச் சித்திரை வீதி. இந்தக் கடை வாசல்ல. நீங்க உக்காந்திருக்கிற இடத்துல."

அவர் அந்த வட்டத்தைத் தொட வந்து, தொடாம விரலை எடுத்துக்கிட்டாரு. அப்புறம், "எதிர்ல வருவா வருவான்னு நான் ஊரான் முகத்தையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தேனே. என்கூடவேவா இருந்தா?"ன்னாரு. சட்டைப் பையை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு அழுதாரு. அம்மா செத்தன்னைக்குக்கூட அவர் அழலை. நானும் அழுதேன், கடைக்காரர் ஷட்டரைத் தூக்க வந்துட்டு அப்படியே தள்ளி நின்னாரு.

எழுந்தோம். அப்பா தானாவே கிழக்கு நோக்கித் திரும்பினாரு. கோயில் எங்களுக்கு வலது பக்கம் வந்துச்சு. நான் வழக்கம்போல அவர் முன்னாடி போறதுக்காக நின்னேன்.

"நீ முன்னாடி போ"ன்னாரு. "நான் பின்னாடி வரேன்."

நடந்தோம். கிழக்கு வீதியில திரும்பும்போது அண்ணன் கூப்பிட்டான். ஸ்பீக்கர்ல போட்டேன். மேப்பைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான். "திரும்பிட்டாளா? சரியான பக்கமாத்தான் போறா. ஆனா என்ன, இன்னைக்கு அம்மா இவ்வளவு மெதுவாப் போறா?"ன்னு கேட்டான். அப்பா போறாருன்னு சொல்லலை அவன், அம்மா போறான்னுதான் சொன்னான்.

பின்னாடி இருந்து அப்பா பதில் சொன்னாரு. "அவ நடை அவ்வளவுதான்டா. அவசரப்படுத்தாதே."

அப்பா ஏன் இடமா சுத்தினாருன்னு நான் ரெண்டு வார்த்தையில அண்ணனுக்குச் சொன்னேன். அப்புறம், "சரிப்பா. நான் கோயம்புத்தூருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்"ன்னான். போனை வெச்சுட்டான்.

வெள்ளைக் கோபுரத்தைத் தாண்டினதும் எனக்குப் பின்னாடி செருப்பு தேயற சத்தம் கேட்டுச்சு. அப்பா காலைத் தூக்கி வெச்சுச் சத்தமில்லாம நடக்கிறவரு. திரும்பிப் பாக்கலாம்னு நினைச்சேன். பாக்கலை. அந்தச் சத்தம் விட்டுப்போயிடாம இருக்க, என் நடையைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டேன்.